ஒப்பீட்டுப் பள்ளியில் ஒரு மழைக்காலம்

நவம்பர் மாதம் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. காலையில் வானம் தெளிவாக இருந்தது. நண்பகலில் மேற்கே மேகம் திரண்டது. மாலையில் மழை கொட்டித் தீர்த்தது.

அம்மழைக்கு அஞ்சி ஓடியவர்களுள் அவளும் ஒருத்தி. ஒரு தோளில் துணிப்பை. மறு கையில் குழந்தைகளின் எடை பார்க்கும் கருவி. கருவி நனைந்துவிடக் கூடாதே என்று தன் துப்பட்டாவை அதற்குப் போர்த்தி, தலையை மழைக்குக் கொடுத்துவிட்டாள். பேருந்து நிழற்குடையை நோக்கி விரைந்த அவள் எதிரே பார்க்கவில்லை. வந்து நின்ற பேருந்தைப் பிடிப்பதற்காக அதே நிழற்குடையிலிருந்து வெளியே பாய்ந்தவனும் எதிரே பார்க்கவில்லை.

மோதிக்கொண்டார்கள்.

மோதல் ஓசை பெரிதாக இல்லை. அதன்பின் எழுந்த ஓசைதான்... சளக்... சளக்... சளக்...

“ஐயோ, என் முட்டை!”

“ஐயோ, என் தராசு!”

இரு குரல்களும் ஒருசேர எழுந்தன. அவன் கையில் அட்டைத் தட்டுகளில் அடுக்கிக் கட்டியிருந்த முட்டைகளில் பாதி, மழைநீரோடு கலந்து சாக்கடையை நோக்கிப் பயணம் புறப்பட்டிருந்தது.

“ஏங்க, கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

“நல்லாத் தெரியுது. மழைதான் நடுவுல வந்துடுச்சு” என்றாள் அவள்.

“மழை நேரா மேலேருந்துதாங்க வருது. குறுக்கால வந்தது நீங்க.”

“சரி, நானே வந்தேன். இந்தத் தராசு கெட்டுப்போயிருந்தா யார் பதில் சொல்றது?”

“அப்ப இந்த முட்டைக்கு யார் பதில் சொல்றது? கோழிங்களை வரிசையா நிக்க வெச்சு நான் மன்னிப்புக் கேக்கட்டுமா?”

கோபமாகத்தான் கேட்டான். ஆயினும் கேட்டு முடிப்பதற்குள் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதைக் கண்டு அவளும் சிரித்துவிட்டாள். இதற்கிடையில் பேருந்து போய்விட்டது.

உடையாத முட்டைகளை இருவரும் குனிந்து பொறுக்கினார்கள். அவன் இமைகளில் மழைத்துளிகள் தங்கியிருந்தன. அவற்றின் பின்னே இருந்த கண்கள்... யார்மீதும் நெடுநேரம் கோபம் கொள்ளத் தெரியாத கண்கள் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் பார்வையை முட்டையின்பால் திருப்பிக்கொண்டாள்.

“இவ்வளவு முட்டை எதுக்கு? ஓட்டல் வெச்சிருக்கீங்களா?”

“இல்லைங்க. வீட்டுக்குச் சின்னப் பிள்ளைங்க நிறைய வரும்.”

அடுத்த பேருந்து வந்தது. அவன் ஏறிக்கொண்டான். படியில் நின்றபடியே, “தராசு நல்லா இருக்கும். கவலைப்படாதீங்க!” என்று கத்திவிட்டுப் போனான்.

தராசைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. நிறையச் சின்னப் பிள்ளைகள்... அப்படியானால் மணமானவரா? மணமானால் எனக்கென்ன? அப்படித்தான் தன்னையே அதட்டிக்கொண்டாள். அதட்டல் அவ்வளவாகப் பயன் தரவில்லை.

அவளுடைய பணியை எளிதாகச் சொல்லிவிடலாம். பள்ளியில் உணவளித்தால் பிள்ளைகள் முன்னிலும் நன்றாகப் படிக்கிறார்களா என்று அளந்து பார்ப்பதே அப்பணி. அந்த வட்டாரத்தில் சில பள்ளிகளுக்கு இவ்வாண்டு முதல் உணவு வழங்கப்பட்டது. ஏனையவற்றிற்கு அடுத்த ஆண்டுதான். காத்திருக்கும் பள்ளிகளுக்கு ஒப்பீட்டுப் பள்ளிகள் என்று பெயர். உண்ட பிள்ளைகளின் வாசிப்பையும் காத்திருக்கும் பிள்ளைகளின் வாசிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்து, உணவுத் திட்டத்தைத் தொடர்வதா, கைவிடுவதா என்று மேலிடம் முடிவு செய்யும். முதற்சுற்று அளவீடு கல்வியாண்டின் தொடக்கத்திலேயே முடிந்திருந்தது. இரண்டாம் சுற்றுக்காகவே அவள் இவ்வூருக்கு வந்திருந்தாள்.

மறுநாள் காலை, ஊர்க்கோடியிலிருந்த ஒப்பீட்டுப் பள்ளிக்குள் அவள் நுழைந்தபோது, மூன்றாம் வகுப்பின் வாசலில் சுண்ணக்கட்டித் தூள் படிந்த கைகளோடு நின்றிருந்தான்... அவன்.

“வாங்க மேடம். தராசு சௌக்கியமா?”

“சௌக்கியம்தான். உங்க வீட்டுப் பிள்ளைங்க?”

“வீட்டுக்குப் பிள்ளைங்க வரும்னு சொன்னேன். என் பிள்ளைங்கன்னு சொன்னேனா? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க.”

அதற்குமேல் கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது. அக்காளின் பிள்ளைகளாகவோ அண்டை வீட்டுப் பிள்ளைகளாகவோ இருக்கலாம் என்று அவள் மனம் தானாகவே முடிவு கட்டிக்கொண்டது. எதையும் அளந்து பார்த்த பின்னரே நம்புபவள் அவள். இதை மட்டும் அளக்காமலே நம்பினாள். நம்பி மகிழவும் செய்தாள்.

பணி ஒழுங்காக நடந்தது. முதலில் எடையும் உயரமும், அடுத்து வாசிப்பு, இறுதியில் வீட்டைப் பற்றிய கேள்விகள். வாசிப்புத் தேர்வுக்கு ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே அழைத்து, அட்டையில் அச்சிட்ட சிறு கதையைப் படிக்கச் சொல்ல வேண்டும். முதல் நாளே இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி அட்டையைத் தடையின்றிப் படித்து முடித்துவிட்டு, மறுபுறம் திருப்பிப் பார்த்தாள்.

“டீச்சர், ஆடு கிணத்துல விழுந்துடுச்சு. அப்புறம்?”

“கதை அவ்வளவுதான் கண்ணு.”

“அவ்வளவுதானா? ஆட்டை யாரும் தூக்கலையா?”

தேர்வுக் கதைகளுக்கு முடிவு எழுதும் வழக்கம் இல்லை. இதுவரை எந்தப் பிள்ளையும் முடிவைக் கேட்டதும் இல்லை. வாசற்படியில் சாய்ந்திருந்த ஆசிரியர், “நான் தூக்கிட்டேன். நீ போய் உக்காரு” என்றான். சிறுமி நிம்மதியாகப் போனாள்.

“கிணத்துல எறங்கவும் தெரியுமா சாருக்கு?”

“உங்க அட்டையில எத்தனை ஆடு விழுந்திருக்குன்னு சொல்லுங்க, எல்லாத்தையும் தூக்கிடறேன்.”

மூன்றாம் நாள், வாசிப்பின் நடுவே மழை வந்தது. தகரக்கூரையின்மேல் விழுந்த மழை பிள்ளைகளின் குரலை முற்றிலும் விழுங்கிவிட்டது. குரல் கேட்காமல் மதிப்பெண் இடக் கூடாது என்பது விதி. ஆகவே மழை ஓயும்வரை தேர்வை நிறுத்திவிட்டு அவள் தாழ்வாரத்திற்கு வந்தாள். அவனும் வந்து நின்றான். பேசினாலும் கேட்காது. அதனால் இருவரும் பேசவில்லை. கூரை விளிம்பிலிருந்து இறங்கிய நீர்க்கயிறுகளை அவள் பார்த்தாள். அவளை அவன் பார்த்தான். திடீரென அவள் திரும்ப, அவன் அவசர அவசரமாக வானத்தை ஆராயத் தொடங்கினான்... அவள் காதோரம் வெப்பம் ஏறிற்று.

“என்ன சொன்னீங்க?” என்று மழையை மீறிக் கத்தினாள்.

“நான் ஒண்ணுமே சொல்லலையே!”

“அதான்... ஏன்?”

அவன் வாயைத் திறப்பதற்குள் மழை சட்டென நின்றது. கூரை அமைதியாயிற்று. பிள்ளைகள் அனைவரும் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை விடுதி அறையில் எண்களைக் கூட்டிப் பார்த்தபோது அவளுக்கு வியப்பு ஏற்பட்டது. உணவு பெறாத அப்பள்ளியின் பிள்ளைகள், உணவு பெறும் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு நிகராகப் படித்தார்கள். நல்ல ஆசிரியர் என்று எண்ணினாள். அப்படி எண்ண விரும்பினாள் என்பதே பொருந்தும்.

உண்மை, கடைசி நாளின் கேள்விகளில் வெளிப்பட்டது.

“இன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்ட?”

“முட்டை.”

அடுத்த பிள்ளை: “முட்டையும் ரொட்டியும்.”

அதற்கடுத்த பிள்ளையும் முட்டை என்றது. இரட்டைப் பின்னல் சிறுமி விரிவாகவே விளக்கினாள்: “தையல் அம்மா வீட்டுல, டீச்சர். தெனமும் பள்ளிக்கூடம் வர்ற வழியில போவோம். சார்தான் உரிச்சுக் குடுப்பாரு. எனக்கு மஞ்சக் கரு பிடிக்காது. சார் பாக்கறப்ப மட்டும் சாப்பிடுவேன்.”

அவள் கையிலிருந்த பேனா நின்றது. தையல் அம்மா யாரென்று கேட்டாள்; அவனுடைய தாயார் என்று தெரிந்தது. மழையில் உடைந்த முட்டைகள் யாருக்கு என்பது இப்போது விளங்கியது. நெஞ்சு நெகிழ்ந்தது. அடுத்த கணமே அச்சம் பிடித்துக்கொண்டது.

பள்ளி விட்டதும் அவனிடம் சென்றாள்.

“எப்பலேருந்து குடுக்கறீங்க?”

“முதல் தடவை அளக்க வந்தாங்களே, அதுக்கு மறுநாள்லேருந்து. அன்னிக்கு ஒரு பொண்ணு படிக்க முடியாம பெஞ்சுல தலைய சாச்சுக்கிட்டா. ‘சார், எழுத்தெல்லாம் ஆடுது’ன்னா. எழுத்து ஆடலைங்க மேடம்... பசியில அவதான் ஆடினா. வீட்டுல அம்மாகிட்ட சொன்னேன். அம்மா அடுப்பைப் பத்த வெச்சுட்டாங்க.”

“இது ஒப்பீட்டுப் பள்ளி. உங்களுக்குத் தெரியுமில்ல?”

“தெரியும். இந்த வருஷம் நீங்க தர மாட்டீங்கன்னு சொன்னீங்க. நான் தரக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே?”

உண்மையாகவே அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லவும் கூடாது.

“தரக்கூடாதுன்னு நானும் சொல்ல மாட்டேன். ஆனா தந்ததை நான் எழுதியாகணும். எழுதினா... இந்தப் பள்ளியை ஒப்பீட்டுலேருந்து எடுத்துடுவாங்க.”

“எடுத்தா?”

“அடுத்த வருஷம் சாப்பாடு வர்ற வரிசையிலேருந்தும் எடுத்துடுவாங்க. ஒப்பந்தம் அப்படி.”

அவன் முகத்திலிருந்த சிரிப்பு, துடைத்ததுபோல் மறைந்தது.

“எங்க அம்மாவுக்குக் கண்ணு மங்கிட்டு வருதுங்க. ராப்பகலா தைச்சு எத்தனை நாளைக்குப் போட முடியும்? அடுத்த வருஷம் சாப்பாடு வந்துடும், வந்துடும்னு சொல்லித்தான் ஓட்டிக்கிட்டிருக்கோம். அதையும் எடுத்துடுவீங்களா?”

“நான் சொல்றதை முழுசாக் கேளுங்க...”

“கேட்டாச்சு மேடம். பசிச்ச பிள்ளைக்குக் குடுத்தது தப்புன்னு எழுதப் போறீங்க. நல்லா எழுதுங்க.”

அவன் விறுவிறுவென நடந்து போய்விட்டான். சொல்ல வந்ததில் பாதி சொல்லப்படாமலே நின்றுவிட்டது. அவனைப் பின்தொடர்ந்து ஓடத் தன்மானம் இடம் தரவில்லை. நான் யார்? அளக்க வந்தவள். அளக்க வந்த இடத்தில் மனத்தை ஏன் வைத்தேன்?

அடுத்த ஞாயிறன்று விடுதி அறையின் கதவு தட்டப்பட்டது. கழுத்தில் அளவுநாடா தொங்க, ஓர் அம்மாள் நின்றிருந்தார். அறிமுகம் தேவைப்படவில்லை. அதே கண்கள்.

“நீதானா அந்த எடை டீச்சர்? பாத்தா சாதுவா இருக்கே. என் பையன் நாலு நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கான். ஒரு ஆளையே இப்படிக் கவுத்துப்போட முடியுமான்னு பாக்க வந்தேன்.”

“உக்காருங்கம்மா” என்று இருந்த ஒரே நாற்காலியை நகர்த்தினாள். பிறகு, அவனிடம் சொல்ல முடியாமற்போன மீதியைச் சொன்னாள்.

“உங்க முட்டையாலதான்மா அந்தப் பிள்ளைங்க இவ்வளவு நல்லாப் படிக்குது. ஆனா என் கணக்குல அது சாப்பாடே இல்லாத பள்ளிக்கூடம். நான் மறைச்சா மேல இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க? சாப்பாடு இல்லாமலே இப்படிப் படிக்குதே, அப்புறம் எதுக்குச் சாப்பாடுன்னு எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் நிறுத்திடுவாங்க. உங்க பையன் அன்பாக் குடுத்ததே, மத்த பிள்ளைங்க தட்டைக் காலி பண்ணிடும்.”

அம்மாள் அளவுநாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

“இதை அவன்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்ல விட்டாரா?”

“அவங்க அப்பாவும் அப்படித்தான். பாதிப் பேச்சுல கோவிச்சுக்கிட்டு வெளிய போயிடுவாரு. மீதியை நான் செவுத்தைப் பாத்துப் பேசி முடிப்பேன்.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிற்று.

“நானும் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுல படிச்சவதான்மா. யார் குடுத்தாங்க, யார் சமைச்சாங்க... ஒரு முகம்கூட ஞாபகம் இல்ல. நன்றி சொல்லணும்னு தோணும். யார்கிட்டன்னு தெரியாது. அதான் இந்த வேலைக்கே வந்தேன். இங்க வந்து உங்களை, அவரைப் பாத்தப்ப... முகம் கிடைச்ச மாதிரி இருந்துச்சு. அந்த முகத்துக்கு எதிராவே எழுத வேண்டியதாயிடுச்சு.”

அம்மாள் எழுந்து, அவள் கன்னத்தைத் தம் முந்தானையால் துடைத்தார்.

“என் பையனைப் பத்தி என்ன நினைக்கிறே?”

“நல்ல ஆசிரியர்மா.”

“நான் ஆசிரியரைப் பத்திக் கேக்கலையே.”

அவள் தலை தாழ்ந்தது. அம்மாள் வேறு எதுவும் கேட்காமல், புன்னகையோடு படியிறங்கிப் போனார்.

மாத இறுதியில், வட்டாரத் தலைமை அலுவலகத்தில் ஆய்வுக்கூட்டம் கூடியது. நீண்ட மேசையின் ஒரு முனையில் இயக்குநர் அம்மையார். அவர் அருகே கூட்டக் குறிப்பு எழுதும் எழுத்தர். பின்வரிசைகளில் எல்லாப் பள்ளிகளின் ஆசிரியர்களும். கடைசி வரிசையில் அவன் அமர்ந்திருந்தான். அவள் ஒருமுறை பார்த்தாள். அவனும் பார்த்தான். அப்பார்வையில் கோபம் இருந்ததா, இல்லையா? அத்தூரத்திலிருந்து அறிய இயலவில்லை.

“ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வழக்கமான கேள்வி” என்றார் இயக்குநர். “அளந்தவங்க யாருக்காவது, தான் அளந்த பள்ளிக்கூடத்தோட சொந்தம், பந்தம், பழக்கம் ஏதாவது உண்டா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அந்தக் கணக்கை வேற ஆள் சரிபாக்கணும்.”

எந்த ஆய்வுக்கூட்டத்திலும் கேட்கப்படும் கேள்வி. எந்தக் கூட்டத்திலும் எவரும் எழாத கேள்வி. எழுத்தர் ‘எவருமில்லை’ என்று எழுதத் தொடங்கியும் விட்டார்.

அவள் எழுந்தாள். சொல்லாவிட்டால், அப்பள்ளியைப் பற்றி அவள் எழுதிய ஒரு வரியையும் நாளை எவரும் நம்ப மாட்டார்கள். சொன்னாலோ... சபை சிரிக்கும், அவன் முகம் சுளிப்பான். இருக்கட்டும். பிள்ளைகளின் உணவைவிட என் வெட்கம் பெரிதா?

“எனக்கு இருக்கு மேடம். ஊர்க்கோடி ஒப்பீட்டுப் பள்ளி.”

“யாராவது சொந்தக்காரங்களா?”

“சொந்தம் இல்ல மேடம். அந்தப் பள்ளிக்கூடத்து மூணாம் வகுப்பு ஆசிரியர்மேல... எனக்கு விருப்பம் உண்டு.”

எழுத்தர் மெல்லத் தலையை உயர்த்தினார். “மேடம், இதை எப்படி எழுதறது?”

“அவங்க சொன்ன மாதிரியே எழுதுங்க” என்றார் இயக்குநர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. “எந்த மாதிரி விருப்பம்னு கேக்கலாமா?”

“கணக்கைப் பாதிக்கிற அளவுக்கு மேடம். அதனாலதான் சொல்றேன். அவருக்கு என்மேல கோவம்தான் இருக்கு. அது வேற விஷயம். அந்தப் பள்ளிக்கூடத்தோட எண்களை மட்டும் வேற ஒருத்தர் பாக்கட்டும்.”

உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்க்கத் துணிவு வரவில்லை. பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது.

“மேடம், அந்தப் பள்ளிக்கூடத்தைப் பத்தி நானே சொல்லிடறேன்.”

அவன் குரல்! மேசையருகே வந்து நின்றான். முட்டையைப் பற்றி, அம்மாவைப் பற்றி, எழுத்து ஆடுவதாகச் சொன்ன சிறுமியைப் பற்றி எதையும் விடாமல் சொன்னான்.

“நான் செஞ்சதுக்கு வருத்தப்படல. ஆனா அதை மறைச்சா மத்த பிள்ளைங்க சாப்பாடு போயிடும்னு அம்மா வந்து சொல்லித்தான் எனக்குப் புரிஞ்சுது. எங்க பள்ளிக்கூடத்தை எடுத்துடுங்க. கணக்கு உண்மையா இருக்கட்டும்.”

இயக்குநர் முதற்சுற்றின் எண்களையும் இரண்டாம் சுற்றின் எண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“முதல் சுற்றுல பாதிப் பிள்ளைங்க ஒரு வரிகூடப் படிக்கல. இப்பக் கதைக்கு முடிவு கேக்குதாம். இந்தத் திட்டத்தைத் தொடரணும்னு சொல்ல எனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. சார், உங்க பள்ளிக்கூடம் இனிமே ஒப்பீட்டுல இல்ல. தனியா எழுதறோம். வரிசையிலேருந்து நீக்கறது மறைச்ச பள்ளிக்கூடத்துக்குத்தான். எழுந்து வந்து சொன்ன பள்ளிக்கூடத்துக்கு அந்தத் தண்டனை பொருந்தாது. அடுத்த வருஷம் உங்களுக்குச் சாப்பாடு உண்டு.”

அவன் கைகூப்பினான்.

“இருங்க, முடியல” என்றார் இயக்குநர். “அவங்க பக்கத்துல விருப்பம்னு எழுதியாச்சு. உங்க பக்கத்துல கோவம்னு எழுதிடலாமா?”

அறை முழுவதும் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவள் பக்கம் திரும்பினான்.

“கோவப்பட்டது நெஜம்தான் மேடம். அதே வார்த்தையை வேற யார் சொல்லியிருந்தாலும் எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது. ஏன் இவங்க சொன்னது மட்டும் இப்படி வலிக்குதுன்னு யோசிச்சேன்... விடை தெரிஞ்சுபோச்சு. எனக்கும் இவங்களைப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். இவ்வளவு பேர் முன்னாடி, எல்லாருக்கும் முதல்ல எழுந்து நிக்கிற ஒரு பொண்ணு என் வாழ்க்கைக்குக் கிடைச்சா...”

“கொஞ்சம் மெதுவா சொல்லுங்க சார்” என்றார் எழுத்தர். “எழுதிக்கிட்டிருக்கேன்.”

“...கிடைச்சா, காலம் பூரா நன்றியோட இருப்பேன். அவங்களுக்குச் சம்மதமான்னு கேட்டு எழுதிக்குங்க.”

எல்லாக் கண்களும் அவள்மீது திரும்பின. அவள் நிமிர்ந்தாள். விழிகளில் நீர் தளும்பியது; உதட்டில் சிரிப்பு. இத்தனை ஆண்டுகளாக யாரிடம் சொல்வதென்று தெரியாமல் நெஞ்சில் தேங்கிக் கிடந்த அந்த ஒரு சொல்லை, அவனைப் பார்த்துச் சொன்னாள்.

“நன்றி...” பிறகு, கேட்டும் கேட்காத குரலில், “சம்மதம்.”

எழுத்தர் அவ்விரு சொற்களையும் எழுதினார். அவற்றின் கீழே ஒரு கோடிட்டு, சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, இறுதி வரியையும் எழுதி முடித்தார். கூட்டம் நிறைவுற்ற நேரம்: பிற்பகல் மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடம்.